முதலில் ஃபியூஸைப் பிடுங்கிய கை

2020-இன் தொடக்கத்தில் கர்னல் நிரலாளர் மார்க் ஸிங்கியர் அனுப்பிய ஒரு பேட்ச் வரிசையை இப்போதும் அவ்வப்போது எடுத்துப் படிப்பேன். லினக்ஸ் கர்னலுக்குள் இருக்கும் கேவிஎம், ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள். அதில் 32 பிட் ஆர்ம் சிப்புகளுக்கான ஹோஸ்ட் பகுதியை அடியோடு எடுப்பதுதான் அந்த வரிசையின் வேலை. முழுக்க முழுக்கக் கழித்தல். ஆனால் என்ன ஒரு கழித்தல்!

எடுக்கப்பட்டது மட்டமான சரக்கல்ல. கிறிஸ்டோஃபர் டால் தொடங்கிய அந்த வேலை 2013-இல் லினக்ஸ் 3.9-இல் சேர்ந்தது. கார்டெக்ஸ்-ஏ15 போன்ற சிப்புகளில் மெய்நிகர் கணினிகளை ஆள்வதற்கென்றே ‘ஹிப்’ என்றொரு நிலை உண்டு. லினக்ஸ் முழுவதையும் ஓட்ட அந்த இடம் போதாது. அதனால் மென்பொருளை இரண்டாகப் பிரித்தார்கள்: ஹிப்பில் ஒரு சின்னத் துண்டு, மிச்சமெல்லாம் வழக்கமான கர்னல் நிலையில். அருமையான யோசனை. ஆனால் அதே ஆண்டு 3.11-இல் 64 பிட் ஆர்முக்கும் கேவிஎம் வந்தது. பெரிய வேலைகளெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன.

இரண்டுக்கும் பொதுவான நிரல் ஒரே கோப்புறையில் கிடந்தது, கூட்டுக்குடித்தனத்துப் பொது முற்றம் மாதிரி. 64 பிட்டுக்காக அங்கே எதைத் திருத்தினாலும் 32 பிட்டிலும் அது கம்பைல் ஆக வேண்டும். அதற்காகவே சில மேக்ரோக்கள் காவல் இருந்தன.

ஸிங்கியர் கழித்த வரிசையைப் பாருங்கள். கோடாலியைத் தூக்கவில்லை. பழைய வீட்டை இடிப்பதற்கு முன்னால் ஃபியூஸைப் பிடுங்குவது போல, கம்பைல் ஆகும் அமைப்பிலிருந்து அந்தப் பகுதியை முதலில் கழற்றினார். அடுத்து கன்ஃபிக் கோப்புகள். அதன் பிறகுதான் நிரல் போனது. அது போனதும் ஆதாரமற்று நின்ற பக்க அட்டவணை வசதியும், பொருத்தத்துக்காக இருந்த மேக்ரோக்களும் போயின. பராமரிப்பாளர் பட்டியலைத் திருத்திய பேட்ச்சின் தலைப்பில் ‘ஆர்ஐபி’ என்று எழுதி வழியனுப்பினார். அந்த ஒரு சொல்லில் மரியாதை இருக்கிறது.

என்னை அசத்தியது அவர் எடுக்காமல் விட்டது. 32 பிட் கேவிஎம் போனாலும், கர்னலுக்கும் ஹிப் நிலைக்கும் இடையிலான ஒப்பந்தம் பெரும்பாலும் இருக்கிறது. கேவிஎம் இல்லாவிட்டாலும் அது தொடர்கிறது என்று ஆவணத்திலும் பதிந்தார். எந்தச் செங்கல் எதைத் தாங்குகிறது என்று அறிந்தவருக்குத்தான் இப்படிக் கை நிற்கும். புதிதாக எழுதுவதைவிட இது கடினம் என்றே சொல்வேன்.

2020 மே மாதம் வெளியான 5.7-இல் அந்தப் பகுதி இல்லை. 5.8-இல் பொது முற்றமும் காலியாகி, அங்கிருந்த நிரல் 64 பிட் வீட்டுக்கே குடிபோனது. வசதியுள்ள 64 பிட் சிப்புகளில் 32 பிட் கெஸ்ட் கணினிகள் அதற்குப் பிறகும் ஓடின. நிரல் படிக்கும் பழக்கமுள்ளவர்கள் அந்த பேட்ச்களை முதலிலிருந்து வரிசையாக ஒருமுறை படித்துவிடுங்கள்.