புழுக்கமும் குமுறலும்

பொருள் குறியாத சொல் தமிழில் இல்லை என்பது தொல்காப்பியர் கொள்கை. அங்ஙனமாயின், ஒரு பொருளன போலத் தோன்றும் இரு சொற்களை வேறுபாடறியாது வழங்குதல் மொழிக்குக் கேடாம். உள்ளத்துள் அடக்கப்பட்ட உணர்ச்சியைக் கூறவரும் இக்கால எழுத்தாளர் பலர் ‘உள்ளக் குமுறல்’ என்ற தொடரையே எவ்விடத்தும் எடுத்தாளுகின்றனர். அது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இடி குமுறும், கடல் குமுறும், எரிமலை குமுறும். இவ்வழக்குகளில் எல்லாம் ஓசை உண்டு. ஆகவே குமுறல் என்பது வெளிப்படத் தொடங்கிவிட்ட உணர்ச்சியாகும். புழுக்கமோ ஓசையற்றது. மூடிய கிடாரத்துள் நெல் ஆவியிற் புழுங்குவதைப் புதுக்குடியிருப்பு மாணவர் அறிவர். ஆங்கு வெப்பம் உண்டு, போக்கிடம் இல்லை. மனப்புழுக்கம் என்ற தொடரின் பொருளும் இதுவே. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது பொருமல். வயிறு பொருமுதல் போல நெஞ்சு வீங்கித் தவிப்பது அது. ஐப்பசி மழைக்கு முன்னர் வன்னியிற் காற்று அசையாது புழுங்கும். பின்னரே இடி குமுறும். உள்ளத்தின் முறையும் அத்தகையதே.

புழுங்குதல் பொறாமையையும் குறிக்குமே எனின், குறிக்கும். பொறாமை, உடையவன் பிறர்முன் காட்ட நாணுவது. ஆதலின் அதுவும் இப்பொருளுள் அடங்கும். உளநூலறிஞர் பிராய்டு கூறிய அமுக்கமோ இதனின் வேறு. அங்கே உணர்ச்சி உடையவனுக்கே தெரியாமல் நனவிலியுட் புதைகின்றது. புழுங்குவோன் தன் துயரைத் தான் நன்கறிவான், சொல்லத்தான் இயலாதவன்.

இவ்வேறுபாடு நிகண்டளவில் நிற்பதன்று. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபின், பிள்ளைகளைத் தேடிய வன்னித் தாய்மார் பலர் அயலாரிடமும் வாய்திறவாது ஆண்டுகள் பல கழித்தனர். அது புழுக்கம். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அது குமுறல். இரண்டையும் குமுறல் என்றே எழுதுவோமாயின், பேசாது கழிந்த அவ்வாண்டுகள் நம் எழுத்தில் இடம்பெறா. வீதிக்கு வாராது வீட்டினுள் இருந்தோரின் துயரும் துயராக எண்ணப்படாது போம்.

ஆகவே, ஓசை எழுந்தவிடத்துக் குமுறல் என்றும், எழாதவிடத்துப் புழுக்கம் என்றும் வழங்குதலே தக்கது. கட்டுரை எழுதும் மாணவரும் அதனைத் திருத்தும் ஆசிரியரும் இவ்வரம்பைப் பேணுவாராக.