சுற்றமும் பதவியும்

அரசுப் பணியில் இருப்பவர் தம் மைத்துனருக்கோ மருமகனுக்கோ முறைதவறி வேலையோ குத்தகையோ வாங்கித் தருகிறார். கேட்டால், "சுற்றந்தழால் என்று வள்ளுவரே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறாரே!" என்கிறார். நெல்லைச் சீமையில் இவ்வாதத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இப்பொருள்கோள் பொருந்துமா?

சுற்றந்தழால் 53ஆம் அதிகாரம். அதற்கு முன்னே 51, 52 ஆகிய இரண்டும் நிற்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆளை ஆராய்ந்து தெளிவதும், வினைக்கு உரியவனிடம் வினையை ஒப்புவிப்பதும் முதற்கடன். சுற்றம் அதற்குப் பின்புதான். அன்பை மட்டுமே பற்றுக்கோடாகக் கொண்டு அறியாதவரை நம்புவது பேதைமை என்றும் வள்ளுவர் அங்கேயே எச்சரித்துவிட்டார். சுற்றந்தழாலில் அவர் காட்டும் உவமை காக்கை. அது கரைந்து இனத்தை அழைப்பது, தான் பெற்ற இரையைப் பகிர்ந்துண்ண. பதவியோ அலுவலர் தேடிப் பெற்ற இரையன்று; மக்கள் ஒப்படைத்த அமானிதம்.

இம்முறைகேடு என்ன செய்யும் என்பதைப் பொருநைக் கரை முன்பே கண்டிருக்கிறது. 1755இல் கர்னல் ஹெரானின் படையோடு இங்கு வந்தவர் ஆர்க்காட்டு நவாப் முகம்மதலியின் தமையன் மாபூஸ்கான். மதுரை, நெல்லைச் சீமைகள் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க் குத்தகையாக அவரிடமே விடப்பட்டன. நவாபின் உடன்பிறப்பு என்பதே அவருடைய பெருந்தகுதி. பாளையக்காரர்களை அடக்கவோ குத்தகைப் பணத்தைச் செலுத்தவோ அவரால் இயலவில்லை. இரண்டாண்டுகளில் புலித்தேவருடன் கூடித் தம் தம்பிக்கே எதிராக நின்றார். குத்தகை கொடுத்த ஹெரானும் இராணுவ விசாரணைக்குள்ளாகிப் பதவி இழந்தார். உறவும் நிலைக்கவில்லை, ஊரும் பயன்பெறவில்லை.

கலீபா உமர் (ரலி) அவர்கள், தமக்குப்பின் கலீபாவைத் தேர்ந்தெடுக்க அறுவரை நியமித்தபோது, தம் மகனை ஆலோசனைக்கு மட்டுமே அனுமதித்தார்கள், பதவிக்கு உரியவராக்கவில்லை. நம் காலத்துச் சட்டமும் இதையே சொல்கிறது. குடும்பத்தாருக்குக் கம்பெனி வேலை தேடித்தரக்கூடத் தம் பதவிச் செல்வாக்கைப் பயன்படுத்தலாகாது என்கிறது, 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் 4ஆம் விதி.

மருமகனுக்கு உதவியதாக அலுவலர் மகிழ்கிறார். அதே வேலைக்குத் தகுதியோடு சான்றிதழ்களை ஏந்தி வாசலில் நிற்கும் பிள்ளையை அவர் பார்ப்பதில்லை. அப்பிள்ளைக்கு அலுவலகத்தில் மாமா இல்லை. அது மட்டுமே அவன் குறை. அவனிடமிருந்து பறித்ததைத்தான் நாம் உறவுக்குச் செய்த உதவி என்கிறோம்.

உறவைத் தழுவுங்கள். தங்கை மகளின் திருமணத்திற்குக் கொடுங்கள். அண்ணன் மகனின் படிப்பிற்குக் கொடுங்கள். ஆனால் உங்கள் சம்பளத்திலிருந்து கொடுங்கள். வள்ளுவர் சொன்ன சுற்றந்தழால் அதுவே.