வேப்பம்பூ உதிரும் நாட்கள்

பங்குனி பாதியில் அடையாறு காந்தி நகர்த் தெருக்களில் காலையில் நடந்தால் தேன் மணம் வரும். கசப்புக்குப் பேர்போன மரத்தின் பூவுக்கு இப்படியொரு வாசனை! காம்பவுண்டு ஓரத்து வேப்பமரத்தடியை முதல் நாள் மாலையே பெருக்கி, பழைய வேட்டியை விரித்துவிட வேண்டும். விடிவதற்குள் பொரி இறைத்தாற்போல் பூ உதிர்ந்து கிடக்கும். வெயில் ஏறுமுன் அள்ளி, காம்பும் சருகும் பொறுக்கி, முறத்தில் புடைத்து, மொட்டை மாடியில் உலர்த்தினால் வெள்ளை பழுப்பாகும். ஈரம் துளி இருந்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். கையில் எடுத்தால் நொறுங்க வேண்டும்.

ஏப்ரல் 14 வாக்கில் வரும் சித்திரைப் பிறப்பன்று இந்தப் பூ மாங்காய், வெல்லத்தோடு பச்சடியில் சேரும். அதற்கு முந்தைய நாட்களில் மயிலாப்பூர் மாட வீதிகளில் கொத்தாகவே விற்பார்கள். பச்சடி நல்லதுதான், ஆனால் என் மனம் ரசத்தின் பக்கம். பூவை நெய்யில் கருகாமல் சிவக்க வறுத்து, ரசத்தை இறக்கிய பிறகே போட வேண்டும். சேர்த்துக் கொதிக்கவிட்டால் கசப்பு முழுதும் இறங்கிவிடும். மரமில்லாத பக்கத்து அடுக்குமாடி வீட்டுக்கு உலர்ந்த பூ ஒரு டப்பா கொடுத்தால், பதிலுக்கு வடுமாங்காய் வந்து சேரும்.