வணிகர் வீதியின் தாழ்வாரங்கள்

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் வணிகர் கட்டிய பழைய கட்டடங்கள் தெருவிலிருந்தே தொடங்கிவிடுகின்றன. மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு முதலில் வரும், அதுதான் தாழ்வாரம். அது வழிப்போக்கருக்கு. அதை ஒட்டிய திண்ணை, பேச வந்தவருக்கும் கணக்குப் பார்க்க வந்தவருக்கும். அதற்குப் பின்னால்தான் கதவு, முற்றம், வீடு.

1761-இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தள்ளினர். தப்பியவற்றுள் பெயர்பெற்றது, 1738-இல் எழுந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. பிள்ளை பிரெஞ்சுக்காரர்களின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர், இடைத்தரகர்) மட்டுமல்லர், பெரிய வியாபாரியும்கூட. கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண்கள், மேல்தளத்தில் சுதை பூசிய பிரெஞ்சுப் பாணித் தூண்கள்: இரண்டு உலகங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றி நிற்கின்றன. பிற்காலத்து மாடி வீடுகள் பலவற்றிலும் இந்தக் கலப்பு தொடர்ந்தது. வளைவுச் சன்னலும் சுதை வேலைப்பாடும் மேலே, திண்ணை கீழே.

வைசியாள் வீதி எனப்படும் கால்வே சுப்புராய செட்டி வீதியில் இந்த முகப்புகள் வரிசையாகச் சீரமைக்கப்பட்டன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருதும் கிடைத்தது. ஒற்றை மாளிகையைக் காப்பதைவிட ஒரு தெருவையே காப்பது அரிது.

கடைவீதியின் கதை வேறு. மண்ணாடிப்பட்டு, திருக்கனூர் பக்கத்து மக்கள் கல்யாண ஜவுளிக்கு வரும் நேரு வீதி, பிரெஞ்சுக் காலத்தில் துய்ப்ளே வீதி. அங்கே பெயர்ப்பலகைகளும் ஷட்டர்களும் கீழ்த்தளத்தை விழுங்கிவிட்டன. பழைய கட்டடம் இருந்தால் அண்ணாந்துதான் தேட வேண்டும்: பலகைக்கு மேலே ஒரு வளைவு, அதையொட்டி உதிரும் சுண்ணாம்புப் பூச்சு, வேர்விட்ட அரசங்கன்று.