எலும்பைத் தேடும் விரல்

அசைவுப் பதிவு என்றால் நம்மில் பலருக்கும் 2014-ல் வந்த ‘கோச்சடையான்’தான் நினைவுக்கு வரும். உடம்பெல்லாம் மார்க்கர் எனப்படும் சிறு பந்துகளை ஒட்டிக்கொண்டு நடிகர்கள் அசைய, சுற்றி நிற்கும் கேமராக்கள் அந்தப் பந்துகளை மட்டும் பின்தொடர, கணினிக்குள் ஓர் உருவம் எழுந்து நடக்கும். திரையில் நடந்த உருவத்தைப் பற்றி நிறையவே பேசினோம். அந்தப் பந்தை ஒட்டியது யார், எந்த இடத்தில் ஒட்டினார், அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார் என்று பேசவில்லை. எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்தது அதுதான்: கேமராவை ஓட விடுவதற்கு முன்னால் நடக்கும் வேலை. அதில் பிசகினால் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

அந்தமானில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் சைக்கிள்தான் வந்து நிற்கிறது. 2004 சுனாமியில் மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பிய கார் நிக்கோபார் சிறுமி தெபோரா ஹெரால்டு, பின்னாளில் நாட்டின் முன்னணி டிராக் சைக்கிள் வீராங்கனை ஆனார். 2018-ல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த உலக ஜூனியர் டிராக் போட்டியில், இதே தீவுகளிலிருந்து போன ஈசோ ஆல்பன் கெய்ரின் பிரிவில் வெள்ளி வாங்கினார். அடுத்த ஆண்டு அணி ஸ்பிரிண்டில் உலக ஜூனியர் தங்கம் வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார்.

ஏகிளில் அவருக்குத் தங்கம் தவறியது 0.017 வினாடியில். மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் சைக்கிளுக்கு அது ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். வினாடிக்கு 25 சட்டகம் எடுக்கும் சாதாரண வீடியோவில் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 0.04 வினாடி ஓடிவிடுகிறது. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இருந்த நேர வித்தியாசத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேலான நேரம் அந்த இடைவெளிக்குள்ளேயே தொலைந்துபோகும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்கும்போது பெடல் ஒரு சட்டகத்துக்கு 21.6 டிகிரி நகர்ந்துவிடும். வினாடிக்கு 240 சட்டகம் எடுத்தால் அதுவே 2.25 டிகிரி. இன்று சாதாரண விலைக் கைபேசிகள் பலவற்றிலும் அந்த வசதி இருக்கிறது. சைக்கிள்காரரின் காலை அளக்க ஒரு கைபேசி, ஒரு முக்காலி, நான்கு வெள்ளை மார்க்கர் போதும். மற்றதெல்லாம் கைப்பக்குவம்.

அந்தக் கைப்பக்குவத்தை அருகில் போய்ப் பார்க்கலாம். இடுப்பு, முழங்கால், கணுக்கால், பாதம் என நான்கு இடங்கள். கணுக்கால் சுலபம், வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு கண்ணுக்கே தெரியும். பாதத்தில் சுண்டுவிரல் தொடங்கும் மூட்டு. காலணி போட்டிருந்தால் அதன் மேலேயே தடவிப் பார்த்துக் குறிக்க வேண்டும். முழங்காலில் வேலை கூடுகிறது. வெளிப்பக்கத்தில் தொடை எலும்பு முடியும் குமிழ் ஒன்று இருக்கிறது; காலை மெல்ல மடக்கி நீட்டச் சொல்லி, எந்தப் புள்ளி நகராமல் நிற்க மற்றதெல்லாம் அதைச் சுற்றித் திரும்புகிறது என்று விரல் தேடும். இடுப்புதான் உண்மையான பரீட்சை. தொடை எலும்பின் மேல்முனைப் புடைப்பு சதைக்கும் கொழுப்புக்கும் அடியில் இருக்கிறது. கைதேர்ந்தவர் இடுப்பின் பக்கவாட்டில் உள்ளங்கையைப் பதித்து, “தம்பி, ஒத்தைக் கால்ல நில்லுங்க. இந்தக் காலை உள்ளே திருப்புங்க, இப்போ வெளியே” என்பார். கால் திரும்பத் திரும்ப, உள்ளங்கைக்குக் கீழே ஏதோ ஒன்று உருளும். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு அந்த உருளலைப் பிடிப்பவர்கள் உண்டு. பிடித்ததும் பேனாவால் ஒரு புள்ளி. அப்புறம்தான் மார்க்கர்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதை வைத்து இருக்கையின் உயரத்தை முடிவு செய்வார்கள். முழுக்க நீட்டிய காலை 0 என்று கொண்டால், சைக்கிளை நிறுத்தி அளக்கும்போது அந்த மடிப்பு 25 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. மிதிக்கும்போது அளந்தால் சில டிகிரி கூடுதலாக வரும். மொத்தத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் இடம் 10 டிகிரிதான். தொடையும் கெண்டைக்காலும் தலா 40 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். முழங்கால் மார்க்கரை 2 சென்டிமீட்டர் முன்னாலோ பின்னாலோ ஒட்டிவிட்டால் மேலே 3 டிகிரி, கீழே 3 டிகிரி என்று கோணம் ஏறக்குறைய 6 டிகிரி பிசகிவிடும். சரியான உயரத்தில் உட்கார்ந்திருப்பவரை இறக்கச் சொல்வோம். முழங்கால் வலியோடு ஓட்டுபவரை அப்படியே விட்டுவிடுவோம். விரல் செய்த 2 சென்டிமீட்டர் பிழைக்கு ஒரு பருவம் முழுக்க முழங்கால் வட்டி கட்டும்.

ஒட்டுவதும் ஒரு வித்தைதான், அதுவும் இந்தத் தீவுகளில். ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் போர்ட் பிளேர். 2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். உடம்பு உலராத காற்று. ரோலரில் சைக்கிளை ஏற்றி ஐந்து நிமிடம் மிதித்தாலே தொடையில் வியர்வை வழியும்; இரட்டைப்பக்க டேப் வழுக்கி மார்க்கர் தொங்கும். தெரிந்தவர்கள் முதலில் தோலை ஸ்பிரிட்டால் துடைத்து உலர விடுவார்கள். முடி அடர்ந்த காலென்றால் அந்த இடத்தை மட்டும் மழிப்பார்கள். பேனாப் புள்ளியை அழிக்காமல் வைத்திருப்பார்கள். மார்க்கர் கழன்று விழுந்தாலும் அதே இடத்தில் மறுபடி ஒட்டலாம். மார்க்கரை ஆடைமேல் ஒட்ட நேர்ந்தால் துணி உடம்போடு இறுகியிருக்க வேண்டும். அப்போதும் தோல் எலும்பின் மேல் வழுக்கத்தான் செய்யும். தொடையில் அந்த வழுக்கல் சென்டிமீட்டர் கணக்கில் போகும். அதை ஒழிக்க வழியில்லை. தோல் குறைவாக நகரும் இடமாகப் பார்த்து ஒட்டுவதுதான் திறமை.

இனி கேமரா. அதை நிறுத்தும் இடத்தில் கொத்தனாரின் கருவிகள் உள்ளே வருவது எனக்கு மிகவும் பிடிக்கும். ரசமட்டம் வைத்து முக்காலியை நேராக்க வேண்டும். சட்டகத்துக்குள் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் செங்குத்துக்கோடு இலவசமாகக் கிடைக்கும். மிதிக்கும் கால் எந்தத் தளத்தில் சுழல்கிறதோ அந்தத் தளத்துக்குக் கேமரா சரியாகச் செங்கோணத்தில் பார்க்க வேண்டும். உயரம் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே. அளவுகோலைச் சுவரில் சாய்த்து வைப்பவர்கள் ஏமாறுவார்கள். அது மார்க்கர்கள் இருக்கும் அதே தூரத்தில் இருக்க வேண்டும்.

கூடுமானவரை தள்ளி நின்று எடு என்பார்கள் அனுபவசாலிகள். கேமரா 2 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது முழங்கால் 10 சென்டிமீட்டர் கேமராவை நோக்கி வந்தால் படத்தில் 5 விழுக்காடு பெரிதாகிவிடும். அதே கேமராவை 5 மீட்டருக்குத் தள்ளிவைத்து ஜூம் செய்தால் 2 விழுக்காடுதான். அறையின் சுவர் இடித்தால் மேசையை வெளியே தூக்கிப் போடுங்கள், கதவைத் திறந்து வராந்தாவிலிருந்து எடுங்கள். அந்த மூன்று மீட்டர் மதிப்புள்ளது.

வெளிச்சத்துக்கு இங்கே தனிக் கணக்கு உண்டு. இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம். அந்தமானோ கிழக்கே வெகுதூரம் தள்ளியிருக்கிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைப் படம் எடுக்க நினைத்தால் இயற்கை வெளிச்சம் கைகொடுக்காது. வெளிச்சம் குறைந்தால் கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். 170 மில்லிமீட்டர் கிராங்க், நிமிடத்துக்கு 90 சுற்று என்றால் பெடல் வினாடிக்கு 1.6 மீட்டர் ஓடுகிறது. ஷட்டர் 1/50 வினாடி திறந்திருந்தால் பாத மார்க்கர் 3 சென்டிமீட்டர் நீள வெள்ளைக் கோடாக இழுபடும்; அதன் நடு எங்கே என்று யார் சொல்வது? 1/1000 வினாடிக்கு இறக்கினால் இழுபடல் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்குத்தான் ஷட்டரைக் கையால் அமைக்க வேண்டும், கேமராவுக்குப் பக்கத்திலேயே ஒரு விளக்கும் வைக்க வேண்டும். ஒளியைத் திருப்பி அனுப்பும் டேப் சுற்றிய மார்க்கர் அந்த விளக்கில் நட்சத்திரமாக எரியும். விலை குறைந்த எல்இடி விளக்குகள் மின்சாரத்தோடு சேர்ந்து வினாடிக்கு 100 முறை துடிக்கும். 240 சட்டகப் பதிவில் படம் மினுக்கிக்கொண்டே இருக்கும். அதையும் முதலிலேயே சோதித்துக்கொள்வார்கள்.

இந்தச் சிரத்தைக்கு நீண்ட பரம்பரை உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் உடலியலாளர் மாரே, ஆளுக்குக் கறுப்பு உடை மாட்டி, கை கால்களில் மட்டும் வெள்ளைக் கோடுகள் வைத்து, ஒரே தகட்டில் நடையை அடுக்கடுக்காகப் பதித்தார். 1891-ல் லைப்சிக்கில் ஆய்வாளர்கள் பிரவுனும் பிஷரும் ஒரு சிப்பாயின் உடலில் ஒளிரும் கைஸ்லர் குழாய்களைக் கட்டி, இரவில் நடக்கவிட்டு, நான்கு கேமராக்களில் பிடித்தார்கள். அவருக்கு அந்தக் கோலம் கட்டி முடிக்கவே 6 முதல் 8 மணி நேரம் ஆனது. நடந்ததோ சில அடிகள். மனித நடையின் முப்பரிமாணக் கணக்கு அந்தச் சில அடிகளிலிருந்து பிறந்தது. ஆயத்தத்துக்கும் பதிவுக்கும் உள்ள இந்த விகிதம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

மார்க்கருக்குப் பந்துகூட வேண்டியதில்லை. தாய்லாந்தில் ஆய்வாளர் ஜான் ஹட்சின்சன் குழுவினர் ஆசிய யானைகளின் மூட்டுகளில் பெயின்டால் புள்ளி வைத்து, வேகமாகப் போகவிட்டு வீடியோ எடுத்தார்கள். நான்கு காலும் ஒருசேரத் தரையை விட்டு எழவில்லை. ஆனால் இடுப்பின் அசைவில் ஓட்டத்தின் துள்ளல் தெரிந்தது. 2003-ல் ‘நேச்சர்’ இதழ் அதை வெளியிட்டது. மரம் இழுக்க இந்தத் தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்ட யானைகளில் கடைசிக் காலம்வரை புகழோடு வாழ்ந்தவன் ஹேவ்லாக் தீவின் ராஜன், 2016-ல் இறந்தான். கடலில் நீந்தும் அவன் கால்களை அப்படிப் புள்ளி வைத்த படமாகப் பார்க்க எனக்குத் தீராத ஆசை.

ஒரு கேமராவின் எல்லை எது என்று தெரிந்திருப்பதும் இந்த ரசனையில் அடக்கம். மிதிக்கும் கால் பெரும்பாலும் ஒரே தளத்தில் சுழல்வதால் அதற்கு ஒன்று போதும். பந்து வீசும் கை அப்படியில்லை. வளைந்த கை சுழலும்போது, ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அது மடங்கி நீளுவதுபோலவே தோன்றும். இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் அந்தத் தோற்றத்தின் சுமையைப் பல ஆண்டுகள் சுமந்தார். பிறவியிலேயே முழுக்க நீளாத முழங்கை அவருடையது. 1995 டிசம்பரில் மெல்போர்னில் நடுவர் அவர் பந்துகளை நோபால் என்றார். 2004-ல் அவருடைய ‘தூஸ்ரா’ வகைப் பந்தின் மீது புகார் எழுந்தபோது, மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் கையெங்கும் மார்க்கர் ஒட்டி, சுற்றிலும் கேமரா நிறுத்தி அளந்தார்கள். வீசும்போது முழங்கை நீள, அன்று சுழற்பந்துக்கு 5 டிகிரிவரைதான் அனுமதி. மற்றப் பந்துவீச்சாளர்களையும் அளந்தபோது, குற்றமற்றது என்று கண் நம்பிய கைகளும் அந்த எல்லையைத் தாண்டியது தெரியவந்தது. 2005 மார்ச் முதல் எல்லோருக்கும் 15 டிகிரி என்று விதி மாறியது. கண்டியிலிருந்து வந்த ஒரு தமிழரின் முழங்கைக்கு நியாயம் கிடைத்ததில் பெரும்பங்கு சரியாக ஒட்டிய மார்க்கர்களுக்கு உண்டு.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில் உள்ள விளையாட்டு அறிவியல் மையம் பின்னர் இந்தச் சோதனைக்கு ஐசிசி அங்கீகாரம் பெற்றது. பாகிஸ்தானின் சுழற்பந்து வீச்சாளர் சயீத் அஜ்மல் 2015 ஜனவரியில் மறுசோதனைக்கு வந்தது அங்கேதான். அத்தகைய கூடங்களில் எந்த நொடியிலும் ஒவ்வொரு மார்க்கரும் குறைந்தது இரண்டு கேமராக்களுக்குத் தெரிய வேண்டும். கை உடம்பின் பின்னால் மறையும், தலை குறுக்கே வரும்; அதையெல்லாம் முன்கூட்டியே நினைத்துப் பார்த்துத்தான் கேமராக்களை ஏற்றியும் இறக்கியும் நிறுத்துகிறார்கள். அப்புறம் ஒருவர் மார்க்கர் பதித்த கோலைக் கையில் ஏந்தி, யாரும் இல்லாத அந்த வெளியில் தரையிலிருந்து தலைக்கு மேல்வரை வீசிக்கொண்டே நடப்பார். எந்தக் கேமரா எங்கே நிற்கிறது என்று கணினி அந்த வீச்சிலிருந்து தெரிந்துகொள்ளும். பந்து வீசுபவர் உள்ளே வருவதற்கு முன் அந்தக் காற்றின் ஒவ்வொரு மூலையும் அளக்கப்பட்டிருக்கும். இதைவிட அழகான ஆயத்தத்தை நான் வேறு விளையாட்டில் கண்டதில்லை.

மார்க்கரே இல்லாமல் அளக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. ஸ்டான்போர்டில் உருவான ஓபன்கேப் இரண்டு கைபேசிகளை வைத்தே வேலை செய்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனாலும் அந்த மென்பொருள் சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்க இன்றும் மார்க்கர் ஒட்டிய உடம்பைத்தான் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். உரைகல் இன்னும் அந்த விரல்தான்.

தீவுகளிலும் தமிழ்நாட்டிலும் உடற்பயிற்சி ஆசிரியர்களாக, பயிற்சியாளர்களாக இருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கினோவியா என்ற மென்பொருள் இலவசம். கைபேசி கையில் இருக்கிறது. மார்க்கருக்கு வெள்ளை ஸ்டிக்கர் போதும். சைக்கிள் ஓட்டும் பிள்ளையிலிருந்து தொடங்குங்கள். பிறகு சிலம்பம் சுற்றும் மணிக்கட்டையும், ஹோடிப் படகில் துடுப்புப் போடும் நிக்கோபாரித் தோளையும் அளந்து சேர்த்து வையுங்கள். பதிவுப் பொத்தானை அழுத்த அவசரப்படாதீர்கள். முதலில் எலும்பைத் தொட்டுக் கண்டுபிடியுங்கள். அதற்கு ஆகும் நேரம் எதுவும் வீணாகாது.