ரோசாவும் பாதிரியாரும்

சுவிட்சர்லாந்து நாட்டின் வாலே மாநிலத்தில், ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கியவாறு, ராரோன் என்னும் சிற்றூரின் குன்றின்மீது பழைய தேவாலயம் ஒன்று நிற்கிறது. அதன் சுவரோரம் புதைக்கப்பட்டிருக்கிறார் செருமானிய மொழியின் பெருங்கவிஞர் ரைனர் மரியா ரில்கே. 1875-இல் பிராகு நகரில் பிறந்தவர். 1926 டிசம்பர் 29-இல், ஐம்பத்தொன்றாம் வயதில் மறைந்தவர். அவர் கல்லறையில் மூன்றே மூன்று வரிகள். அவற்றை எழுதி வைத்தவரும் அவரே.

ரோசாவை விளித்துப் பேசுகின்றன அவ்வரிகள். அம்மலரைக் கலப்பில்லாத முரண் என்கிறார் கவிஞர். அடுக்கடுக்கான இதழ்களை இமைகளாகக் காண்கிறார். இமைகள் இத்தனை இருந்தும் அவற்றின் அடியில் துயில்பவர் ஒருவருமில்லை என்றும், அந்நிலையிலும் ஓர் இன்பம் உண்டு என்றும் சொல்லி முடிக்கிறார். செருமானிய மொழியில் இமைகளைக் குறிக்கும் சொல்லும் பாடல்களைக் குறிக்கும் சொல்லும் ஒலிப்பில் ஒன்றே. நம் இலக்கணம் சிலேடை என்று பெயரிட்டு வைத்திருக்கும் அணிதான் அது!

இச்சிறு பாட்டின்மீது ஆன்மிகப் பொழிப்புரைகள் ஏறிக்கொண்டன. ரோசா மரியன்னையின் மலராம். தாந்தே விண்ணுலகை வெண்ரோசாவாகக் கண்டாரன்றோ, அந்த ரோசாவே இதுவுமாம். ஆன்மா உடலை உதறிப் பறந்துவிட்டதால் இமைகளின் கீழே துயிலில்லையாம். போதாக்குறைக்கு முள் கதை வேறு. 1926-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், எகிப்தியப் பெண்மணி ஒருவருக்காக ரோசா பறித்தபோது அவர் கையில் முள் தைத்தது, புண்ணாயிற்று. உடனே, ரோசாவால் சாவு வரும் என்று கவிஞர் முன்னமே அறிந்திருந்தார் எனத் தீர்க்கதரிசனம் கட்டிவிட்டனர். அவரைக் கொன்றது முள்ளன்று, இரத்தப் புற்றுநோய். ரோசாவோ அவர் கவிதைகளில் பல்லாண்டுகள் பூத்துக்கொண்டிருந்த மலர். கல்லறைக்கு அவர் வேறெந்தப் பூவைத் தேடுவார்?

கல்லறை வரிகள் எந்தத் தாளில் எழுதப்பட்டன என்பதை உரைகாரர்கள் மறந்துவிடுகின்றனர். 1925 அக்டோபர் 27-இல் ரில்கே எழுதிய இறுதி விருப்ப ஆவணம் அது. அதே ஆவணத்தில், நோயால் தம் அறிவு தடுமாறும் நிலை வந்தால், உள்ளே நுழைய முயலும் பாதிரியாரைத் தடுத்து நிறுத்துமாறு நண்பர்களை வேண்டிக்கொள்கிறார். மரணப் படுக்கையில் மனிதன் வலுவிழந்த வேளையைப் பார்த்துத்தானே புரோகிதம் எங்கும் வாயிற்படி ஏறுகிறது! அதை முன்கூட்டியே உணர்ந்து கதவைச் சாத்திய ஒருவரின் கல்லறையில் மதப்பொருள் தேடுவது எவ்வகை ஆராய்ச்சி?

அவ்விருப்பத்தோடு சேர்த்துப் படிக்கும்போது பாட்டு தெளிகிறது. கிறித்தவ மரபில் சாவு என்பது துயில். இறுதி நாளில் எக்காளம் ஒலிக்கும்போது இறந்தோர் எழுவர் என்பது கோட்பாடு. ஆங்கிலமும் பிரெஞ்சும் இடுகாட்டுக்கு வழங்கும் சொல்லே, 'உறங்குமிடம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. நம் நாட்டுக் கல்லறைகளிலும் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று பொறித்திருப்பதைக் காணலாம். துயில்பவன் இருந்தால்தானே எழுப்புவதற்கு ஒருவன் வேண்டும்? இங்கே துயிலே எவருக்கும் உரியதன்று என்கிறது பாட்டு. எழுப்ப வருபவனுக்கு வேலையில்லை. இதை அழுகையோடு சொல்லாமல் இன்பமாகச் சொல்லியிருக்கிறாரே, அதில்தான் நாம் மயங்குகிறோம்.

ரில்கேயை நம் அணியில் முழுமையாகச் சேர்த்துக்கொள்ள நாம் முற்படவில்லை. கடவுளை விளித்து அவர் ஏராளமாகப் பாடியிருக்கிறார்; 1923-இல் வெளிவந்த 'துயினோ இரங்கற்பாக்க'ளில் வானவர்கள் உலவுகின்றனர். ஆனால், அந்த வானவருக்கும் கிறித்தவ விண்ணுலகத் தூதருக்கும் தொடர்பில்லை என்று 1925 நவம்பரில், மேற்சொன்ன ஆவணம் எழுதிய சில நாட்களுக்குள், தம் போலந்து மொழிபெயர்ப்பாளருக்கு அவரே விளக்கம் எழுதினார். கவிஞர் சொன்னபின்னும் கேளாத செவிகளை என்னென்பது? வகுப்பில் உருவகம் கற்பிக்கும்போது, உவமையையே பொருளாக எடுத்துக்கொள்ளாதே என்று சிறுவர்களுக்கு நாள்தோறும் சொல்கிறோம். பேராசிரியர்களுக்கு யார் சொல்வது?

நமக்கு உண்மையிலேயே மனக்குறை தருவது வேறொன்று. பாதிரியாரை விலக்கிய அதே ஆவணத்தில், கல்லில் தம் முன்னோர் வழங்கிய குலச்சின்னத்தைப் பொறிக்குமாறும் ரில்கே கேட்டுக்கொண்டார். ஆஸ்திரியாவின் கரிந்தியப் பகுதியைச் சேர்ந்த பழம்பெரும் பிரபு வம்சத்தில் தாம் தோன்றியதாக நம்பி வந்தவர் அவர். அவ்வம்சாவளி மெய்ப்பிக்கப்படவே இல்லை. மேலே குலச்சின்னம், அதன்கீழே பெயர், சற்றே இடைவெளி விட்டு ரோசாப் பாட்டு: இந்த வரிசையையும் அவரே வகுத்துக் கொடுத்தார். எவருடைய துயிலுமில்லை என்று பாடப்போகும் கல்லின் தலைப்பில், இன்னார் வழிவந்தவன் என்ற விளம்பரம் எதற்கு? மலரில் முரணைக் கண்ட கண், தன் கல்லில் அதைக் காணாமல் போனதெப்படி?