அழிவைப் படம்பிடித்தல்

அழிந்தோரின் சுவடுகளைச் சென்று காணுமாறு திருமறை மனிதனைப் பலமுறை அழைக்கிறது. அவ்வழைப்பு படிப்பினைக்கானது, கண்களின் களிப்புக்கானதன்று. சிதைவைப் பொருளாகக் கொள்ளும் புகைப்படக் கலையையும் இவ்வுரைகல்லில் உரசிப் பார்ப்பது தகும்.

கலிபோர்னியப் பாலைவனத்துச் சால்ட்டன் ஏரி, 1905-இல் கொலராடோ ஆறு பாசனக் கால்வாயை உடைத்துக்கொண்டு, கடல் மட்டத்தினும் தாழ்ந்த பள்ளத்தில் பாய்ந்ததால் பிறந்தது. பின்னர் அதன் கரையில் உல்லாச விடுதிகள் எழுந்தன. ஏறிவந்த நீர் அவற்றுட் பலவற்றைச் சூழ்ந்துகொண்ட காலத்தில், 1983-இல், ரிச்சர்ட் மிஸ்ராக் அங்குப் படமெடுத்தார். நீச்சற்குளத்தின் குதிப்பலகை, கரைதட்டிய சிறு படகு ஆகிய அவ்விரு படங்களிலும் மனிதர் எவருமில்லை. ஆயினும் மனிதனின் செருக்கு இருக்கிறது. அழகின் நடுவே ஒரு குற்றச்சாட்டை நிறுத்தியதே அவருடைய வெற்றி எனலாம்.

பின்வந்தோர் பலரிடம் இது இல்லை. 2003-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி வேளாண்மைக்குரிய நீரில் ஒரு பகுதி சான் டியாகோ வட்டாரத்திற்குத் திருப்பப்பட்டது, ஏரி சுருங்கியது, உப்பு மிகுந்தது, வெளிப்பட்ட படுகையின் புழுதி அண்டை ஊர்ச் சிறாரின் மூச்சை வருத்துகிறது. படமெடுக்கச் செல்வோரோ மீன் எலும்பையும் அந்திவானத்தையுமே கொண்டு திரும்புகின்றனர். புழுதியைச் சுவாசிப்பவன் படச்சட்டத்திற்கு வெளியே நிற்கிறான்.

இக்குறை நமக்கும் அயலானதன்று. கம்பத்திலிருந்து குமுளி மலையேறித் தேக்கடி செல்லும் படக்கலைஞரைக் கவர்வன, 1895-இல் நிறைவுற்ற பெரியாற்று அணையின் நீரில் மூழ்கிய காட்டின் பட்ட மரங்களே. மூடுபனி, மரக்கட்டை, அதன்மேல் சிறகுலர்த்தும் நீர்க்காகம் என ஒரே படம் ஓராயிரம் கைகளில் மீண்டும் மீண்டும் பிறக்கிறது. அந்நீரே மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை நனைத்து, வைகையில் கலக்கிறது என்பதை அப்படங்கள் சொல்வதில்லை. பட்ட மரம் நாம் கொடுத்த விலை; நெற்கதிர் நாம் பெற்ற பயன். மரத்தை மட்டும் காட்டினால் அழிவு வெறும் அலங்காரமாகிறது. கதிரை மட்டும் காட்டினால் விலை மறைகிறது.

அறிந்த சாட்சியத்தை மறைப்பது நம் மார்க்கத்தில் பாவம். படமும் ஒரு சாட்சியமே. தேக்கடியின் பட்ட மரத்தில் தொடங்கி, சுரங்க வாயைக் கடந்து, கூடலூர் வயலில் நாற்று நடும் பெண்ணின் கையில் முடியும் ஒரு படவரிசையைத் தேனி மாவட்டத்து இளங்கலைஞர் எவரேனும் படைப்பாராயின், அதுவே முழுமையான சாட்சியமாகும்.